நுரையீரலும் சிறுநீரகமும்: சிறார் அறிவியல் வாசிப்பில் உருவகம்

0. முன்னுரை

கொல்கத்தா நகரத்தைப் பற்றிச் சிறுவர்க்கு எழுதப்படும் பாடங்களிலும் செய்திகளிலும் இரண்டு உருவகங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. நகரின் நடுவே பரந்து கிடக்கும் மைதான் என்னும் புல்வெளி நகரத்தின் நுரையீரல் எனப்படுகின்றது. நகரின் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்கள் நகரத்தின் சிறுநீரகம் எனப்படுகின்றன. வளர்ந்தவர் இவ்விரு தொடர்களையும் தடையின்றிப் படித்துச் செல்வர். எட்டு வயதுக் குழந்தைக்கோ இவை இரண்டும் விடுவிக்க வேண்டிய புதிர்களாகும்.

அறிவியலை விளக்குவதற்கென்றே எடுத்தாளப்படும் உருவகம் சில வேளைகளில் அறிவியலை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகின்றது. அவ்வாறு ஆவதற்கான காரணங்கள் எவை, அதனைத் தவிர்க்கக் குழந்தைகளை எவ்வாறு பயிற்றலாம், வங்கமொழி அல்லது ஆங்கில நூலைத் தமிழாக்குவோர் எவற்றில் கருத்துச் செலுத்த வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1. கொல்கத்தாவின் சிறார் அறிவியல் எழுத்து

இச்சிக்கலை ஆராய்வதற்குக் கொல்கத்தா தக்க களமாகும். இந்திய மொழிகளுள் சிறார்க்கான அறிவியல் உரைநடை மிக முன்னரே தோன்றி இடையறாது வளர்ந்த மொழிகளில் வங்கமும் ஒன்று. கல்கத்தா பள்ளி நூற்கழகம் 1817இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் சேரம்பூரிலிருந்து வெளிவந்த 'திக்தர்சன்' என்னும் இதழ் இளையோர்க்கு அறிவியற் செய்திகளை வழங்கியது. ஈசுவர சந்திர வித்தியாசாகரின் 'போதோதய்' 1851இல் வெளியாயிற்று. அட்சய குமார் தத்தரின் 'சாருபாட்' 1853 முதல் 1859 வரை மூன்று பகுதிகளாக வந்தது. உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் கதையும் பாட்டும் அறிவியலும் அருகருகே இடம்பெற்றன. சகதீச சந்திர போசின் 'அவ்யக்த' 1921இலும், இரவீந்திரநாத தாகூரின் 'விசுவ பரிசய்' 1937இலும் வெளியாயின. சத்தியேந்திரநாத் போசு முன்னின்று 1948இல் நிறுவிய வங்கீய விஞ்ஞானப் பரிசத்து 'ஞான ஓ விஞ்ஞான்' என்னும் இதழை வெளியிட்டது.

இம்மரபினர் அனைவரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் கண்ணால் கண்ட எதனோடு ஒப்பிட்டுக் கூறுவது? தாகூர் தம் நூலின் இயல்களுக்குப் பரமாணுலோகம், நட்சத்திரலோகம், கிரகலோகம், பூலோகம் எனப் பெயரிட்டார். தேவலோகம், பாதாளலோகம் ஆகிய கதைகளைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு லோகம் என்னும் ஈறு ஒரு கதவைத் திறந்து விடுகின்றது. அணுவினுள்ளும் குடிமக்கள் உளரோ என்னும் ஐயத்திற்கும் அதே கதவு வழிவிடுகின்றது. விளக்கமும் மயக்கமும் ஒரே சொல்லிலிருந்து பிறப்பதை இதனால் அறியலாம்.

2. ஒப்புமையின் அடிப்படை

தொல்காப்பியத்தின் உவமவியல் வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கினை உவமை தோன்றும் வகைகளாகக் கூறுகின்றது. வினை என்பது தொழில். பயன் என்பது விளைவு. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். உவமையும் பொருளும் வேறல்ல என ஒற்றுமைப்படுத்திக் கூறும் உருவகத்தைத் தண்டியலங்காரம் தனி அணியாக வகுத்தது. இலக்கியத் திறனாய்வுக்குரியதாகக் கருதப்படும் இப்பகுப்பு அறிவியல் வாசிப்பைக் கற்பிப்பதற்கும் பெரிதும் பயன்படும்.

அமெரிக்க உளவியலறிஞர் டெட்ரி கெண்ட்னர் 1983இல் வெளியிட்ட கோட்பாடு இவண் ஒப்பு நோக்கத்தக்கது. ஒப்புமை இருவகைப்படும். ஒன்று பண்பொப்புமை, வடிவு, நிறம், அளவு போன்றவை பற்றியது. மற்றொன்று உறவொப்புமை, ஒரு புலத்தின் உறுப்புகளிடையே உள்ள தொடர்பு மற்றொரு புலத்தின் உறுப்புகளிடையேயும் இருப்பது பற்றியது. அறிவியல் உருவகங்களின் ஆற்றல் பெரும்பாலும் உறவொப்புமையிலேயே அமைகின்றது. இளங்குழந்தைகளோ முதலில் பண்பொப்புமையையே காண்கின்றனர். அப்புலம் பற்றிய அறிவு வளர வளர உறவொப்புமைக்கு நகர்கின்றனர். தொல்காப்பியரின் சொற்களில் கூறுவதாயின், குழந்தை மெய்யிலும் உருவிலும் தொடங்கி வினைக்கும் பயனுக்கும் வருகின்றது எனலாம். இரு கோட்பாடுகளும் முற்றும் ஒன்றல்ல. எனினும் வகுப்பறைக்கு வேண்டிய அளவில் இவ்வொப்பீடு போதுமானது.

சதுப்பு நிலம் நகரத்தின் சிறுநீரகம் என்று படிக்கும் குழந்தை, அந்நிலம் அவரை விதை வடிவில் இருக்குமோ என எண்ணுவதற்கு இடமுண்டு. அது மெய் பற்றிய உவமையாகக் கொள்வதன் விளைவு. ஆசிரியர் கருதியதோ வினை பற்றிய உவமை. இவ்விடைவெளியை நிரப்புவதே கற்பித்தலின் முதற்பணியாகும்.

3. குழந்தைகள் உருவகத்தைப் பொருள்கொள்ளும் வகை

எல்லன் வின்னர், ரோசன்ஸ்டீல், ஹோவர்டு கார்ட்னர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. 6 முதல் 14 வயது வரையிலான சிறாரிடம் சிறைக் காவலர் ஒருவர் கடினமான பாறையாகிவிட்டார் என்னும் கருத்துடைய வாக்கியம் தரப்பட்டது. இளையவர்களின் விளக்கங்களில் சில மாயக்கதை வகையின. யாரோ மந்திரத்தால் அவரைப் பாறையாக மாற்றிவிட்டனர் என்பது போன்றவை. வேறு சில, காவலரையும் பாறையையும் ஓரிடத்தில் அருகருகே வைத்தன; அவர் கற்சுவர் உள்ள சிறையில் பணிபுரிந்தார் என்பது போன்றவை. அடுத்த நிலையில் உடல் வலிமை பற்றிய ஒப்புமை தோன்றியது. மனக்கடினம் என்னும் பொருளை மூத்த சிறாரே தெளிவாகக் கூறினர்.

இம்முடிவைக் கொண்டு இளங்குழந்தைகளுக்கு உருவகமே ஆகாது எனக் கருதுதல் தவறு. மனக்கடினம் என்பது ஆறு வயதினர் அறிந்திராத புலம். ஒப்பிடப்படும் இரு புலங்களையும் குழந்தை அறிந்திருக்கும்போது, சிறுவயதிலேயே உருவகத்தை உணர்ந்துகொள்கின்றது என்பதைப் பிற்கால ஆய்வுகள் வலியுறுத்தின. ஆகவே தடையாக இருப்பது வயது மட்டும் அன்று. புலம் பற்றிய அறியாமையும் ஆகும். சிறுநீரகம் என்ன செய்கின்றது என்பதை அறியாத குழந்தைக்குச் சதுப்பு நிலத்தைச் சிறுநீரகம் என்று கூறுவது, அறியாத ஒன்றை அறியாத மற்றொன்றால் விளக்குவதாகும்.

இலக்கிய உருவகத்தில் வாசகர் எத்துணைப் பொருள் காண்கின்றாரோ அத்துணைச் சிறப்பு. அறிவியல் உருவகத்திற்கோ எல்லை உண்டு. அந்த எல்லை பெரும்பாலும் நூலில் எழுதப்படுவதில்லை. வளர்ந்த வாசகர் அதனைத் தம் முன்னறிவால் வகுத்துக்கொள்கின்றார். குழந்தைக்கு அம்முன்னறிவு இல்லை. அதனைப் பெறுவதற்காகவே அது படிக்கின்றது.

4. இரண்டு நகர உருவகங்கள்

4.1 நுரையீரல்

நகரப் பூங்காவை நுரையீரல் என்பது லண்டன் பூங்காக்களைக் குறித்து எழுந்த பழைய வழக்கு. கொல்கத்தாவில் அது மைதானுக்கு ஆகிவந்தது. நுரையீரல் காற்றிலுள்ள ஆக்சிசனை இரத்தத்திற்கு அளித்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகின்றது. பகலொளியில் புல்லும் மரமும் கார்பன் டை ஆக்சைடை உட்கொண்டு ஆக்சிசனை வெளியிடுகின்றன. எனவே வினையை நோக்கின் இரண்டும் நேர்மாறானவை. நகரத்தார்க்கு நல்ல காற்றும் திறந்த வெளியும் கிடைக்கின்றன என்னும் பயனை நோக்கின் மட்டுமே உவமை பொருந்தும்.

இது பயன் உவமை என்பதை அறியாத மாணவர், நுரையீரல் செய்வதையே இலையும் செய்கின்றது என்று முடிவு செய்யலாம். ஒளிச்சேர்க்கையைச் சுவாசத்தோடு குழப்பிக்கொள்வது பள்ளி அறிவியலில் நன்கறியப்பட்ட இடர்ப்பாடு. அதனைத் தீர்க்க வேண்டிய பாடமே அதற்கு வலுச்சேர்த்தலாகாது.

4.2 சிறுநீரகம்

கிழக்குக் கொல்கத்தாச் சதுப்பு நிலங்கள் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புடையவை. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டன. இவற்றின் பணியை உலகறியச் செய்தவர் சூழலியலாளர் துருவஜோதி கோஷ் (1947–2018). நகரத்தின் கழிவுநீர் கால்வாய்களின் வழியே வந்து 'பேரி' எனப்படும் ஆழமற்ற மீன்வளர்ப்பு ஏரிகளில் தேக்கப்படுகின்றது. கதிரொளியில் பாசிகள் பெருகி ஆக்சிசனை வெளியிடுகின்றன. அந்த ஆக்சிசனைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவுப் பொருளைச் சிதைக்கின்றன. பாசியையும் நுண்ணுயிரிகளையும் மீன்கள் உண்கின்றன. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் வயல்களுக்குப் பாய்கின்றது.

தூய்மை செய்தல் என்னும் வினையில் சிறுநீரகத்தோடு இது ஒத்திருக்கின்றது. ஆயினும் மூன்று இடங்களில் ஒப்புமை முறிகின்றது. முதலாவது, சிறுநீரகம் கழிவைப் பிரித்து வெளியேற்றுகின்றது. சதுப்பு நிலமோ கழிவை உணவாக மாற்றுகின்றது. இரண்டாவது, சிறுநீரகம் ஓர் உயிரின் ஓர் உறுப்பு. சதுப்பு நிலம் பல்வகை உயிர்கள் சேர்ந்து வாழும் இடம். மூன்றாவது, சிறுநீரகம் தானே இயங்குகின்றது. சதுப்பு நிலம் மீனவரும் உழவரும் நீரின் வரத்தையும் ஆழத்தையும் நாள்தோறும் கண்காணிப்பதால் இயங்குகின்றது. கரையோரங்களில் ஆகாயத்தாமரையை வளர விட்டு அலையரிப்பிலிருந்து கரையைக் காப்பவரும் அவர்களே.

மூன்றாவது முறிவு மொழியியல் நோக்கில் மட்டுமன்றிச் சமூக நோக்கிலும் இன்றியமையாதது. உறுப்பு உருவகம் உழைப்பை மறைத்துவிடுகின்றது. உடலுறுப்புக்குத் தொழிலாளர் இல்லை. இவ்வுருவகத்தோடு மட்டும் வளரும் குழந்தை, மனிதர் கைபடாமல் விட்டாலே சதுப்பு நிலம் தன் பணியைச் செய்யும் என்று நம்பக்கூடும்.

5. அளவு பற்றிய மயக்கம்

உலகம் கமலா எலுமிச்சையைப் போன்று உருண்டையானது, வடக்கிலும் தெற்கிலும் சற்றுத் தட்டையானது என்னும் விளக்கம் வங்கப் பள்ளிகளில் தலைமுறைகளாக வழங்குவது. கமலா எலுமிச்சை என்பது தார்ச்சிலிங் மலைச்சாரலிலிருந்து குளிர்காலத்தில் கொல்கத்தாச் சந்தைக்கு வரும் தோல் தளர்ந்த ஆரஞ்சு. குழந்தைக்கு நன்கு அறிமுகமான பொருளாதலின் உவமானத் தேர்வு நன்றே.

ஆனால் அளவு வேறு செய்தியைக் கூறுகின்றது. நிலநடுக்கோட்டு விட்டம் 12,756 கி.மீ.; துருவ விட்டம் 12,714 கி.மீ. வேறுபாடு ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு. 7 செ.மீ. விட்டமுள்ள பழத்தில் இது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. கமலா எலுமிச்சையின் தட்டையோ தொட்டாலே தெரிவது. மெய் உவமையாயினும் அளவில் இது மிகைப்படுத்துகின்றது.

தமிழாக்குவோர் ஆரஞ்சு என்று மொழிபெயர்த்தல் எளிது. சாத்துக்குடி எனின் உருண்டை வடிவம் மேலும் பொருந்தும். தட்டை என்னும் செய்தி நழுவும். எச்சொல்லைத் தெரிந்தாலும், வேறுபாடு மிகச் சிறிது என்னும் ஒரு தொடரைச் சேர்த்தல் வேண்டும். உருண்டை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் குழந்தை தன் பழைய கருத்தைக் கைவிடுவதில்லை என்பதும் கருதத்தக்கது. ஸ்டெல்லா வோஸ்னியாடோவும் உடனாய்வாளரும் 1990களில் நடத்திய ஆய்வுகளில், உலகம் உள்ளீடற்ற பந்து, அதனுள்ளே நாம் வாழ்கின்றோம் எனச் சில குழந்தைகள் விளக்கினர். ஐதராபாத்துச் சிறாரிடம் நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உலகம் நீரின்மேல் மிதக்கின்றது என்னும் கருத்து மிகுதியாகக் காணப்பட்டது. உவமை வெற்றுத்தாளில் எழுதப்படுவதன்று. முன்பே எழுதப்பட்ட தாளின்மீது எழுதப்படுவது.

6. பெயரிலேயே உறையும் உருவகம்

தொட்டால் இலை மூடும் செடியை வங்கமொழி 'லச்சாபதி' என்கின்றது. நாணமுடையவள் என்பது பொருள். தமிழில் தொட்டாற்சுருங்கி எனவும், பேச்சுவழக்கில் தொட்டாச்சிணுங்கி எனவும் வழங்குகின்றது. முதற்பெயர் மனநிலையைக் கூறுகின்றது. இரண்டாவது கண்ட நிகழ்ச்சியை மட்டும் கூறுகின்றது. மூன்றாவது மீண்டும் மனித இயல்பை ஏற்றுகின்றது. செடி ஏன் இலையை மூடுகின்றது என்னும் வினாவிற்கு லச்சாபதி என்னும் பெயரே விடை கூறிவிடுகின்றது: நாணத்தால். விடை கிடைத்தபின் குழந்தை மேலும் வினவுவதில்லை. இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் சில செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால் இலை தொய்கின்றது என்னும் உண்மைக்கு அவ்வினா திறந்திருத்தல் வேண்டும்.

சகதீச சந்திர போசு இச்செடியையும் தமிழில் தொழுகண்ணி எனப்படும் செடியையும் கொண்டு, தாவரங்களில் மின்குறிகள் பரவுவதைக் கருவிகளால் பதிவு செய்தார். அவருடைய வங்கக் கட்டுரைகளில் மனித உணர்வு சார்ந்த சொற்கள் நிரம்பியுள்ளன. மின்குறிகள் பரவுவது மெய்; விலங்குகளுக்குரிய நரம்பணுக்கள் தாவரங்களில் இல்லை என்பதும் மெய். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் அறிந்து சொல் தெரிதல் வேண்டும். தமிழாக்கத்தில் தொட்டாற்சுருங்கி என்றாலே வங்கக் கட்டுரையின் நாணம் மறைந்துவிடும். கட்டுரை அந்நாணத்தையே பொருளாகக் கொண்டு செல்லுமாயின் பெயர்விளக்கம் ஒன்றைச் சேர்த்தல் தவிர்க்கவியலாதது.

ராணித் தேனீ என்பதும் இத்தகையதே. தேன்கூட்டின் ராணி ஆட்சி செய்வதில்லை. முட்டையிடுவதே அதன் முதன்மைப் பணி. தட்சிணரஞ்சன் மித்ர மஜும்தார் 1907இல் தொகுத்த 'தாக்குர்மார் ஜுலி' கதைகளைக் கேட்ட வங்கக் குழந்தைக்கு ராணி என்றதும் அரசனின் அன்புக்குரிய சுவோராணியும் புறக்கணிக்கப்பட்ட துவோராணியும் நினைவுக்கு வருவர். ஓர் அரண்மனையில் பல ராணியர் இருப்பது அக்கதைகளின் இயல்பு. ஒரு கூட்டில் பொதுவாக ஒரே ராணி இருப்பது தேனீயின் இயல்பு. உவமானம் தன் கதையையும் உடன் கொண்டுவருகின்றது என்பதற்கு இது சான்று.

இலக்கணச் சொற்களிலும் இம்மயக்கம் உண்டு. செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்னும் தொடரில் வேண்டும் என்பது தேவையையும் குறிக்கும், விருப்பத்தையும் குறிக்கும். வங்கமொழியின் 'சாய்' என்னும் சொல்லும் அவ்வாறே. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வினைகள். செடிக்குத் தண்ணீர் தேவை என்று எழுதினால் விருப்பம் என்னும் பொருள் விலகும்.

7. கலைச்சொற்களும் உயிர்பெறும் உருவகமும்

கலைச்சொற்கள் பலவும் வழக்கால் மங்கிய உருவகங்கள். வளர்ந்தவர்க்கு மங்கியவை குழந்தைக்கு மங்குவதில்லை. இராபர்ட் ஹூக் 1665இல் தக்கையின் நுண்ணமைப்பைக் கண்டு செல் என்று பெயரிட்டபோது கருதியது சிற்றறை. வங்கம் அதனைக் 'கோஷ்' என்றது; உறை, கருவூலம் ஆகிய பொருள்கள் அதில் உள. தமிழகத்தில் செல் என்னும் கடன்சொல்லோடு உயிரணு என்பதும் வழங்குகின்றது. இலங்கைத் தமிழர் பாடநூல்கள் கலம் என்கின்றன. அறை, உறை, அணு, ஏனம் என ஒரே பொருளுக்கு நான்கு படிமங்கள். உயிரணு என்று கற்ற குழந்தை, அது வேதியியலின் அணுவைப் போன்று சிறியது என்று கருதலாம். கலம் என்று கற்றது, அதனுள் ஏதோ நிரம்பியுள்ளது என்று சரியாகவே கருதலாம்.

சிறுநீரகம் என்னும் சொல்லும் இவ்வகையில் நோக்கத்தக்கது. வங்கப் பாடநூலின் 'விருக்க' என்னும் வடசொல் குழந்தைக்குப் பொருள் விளங்காத பெயர். தமிழ்ச்சொல்லோ சிறுநீர், அகம் எனப் பிரிந்து பொருள்தருவது. எனவே சதுப்பு நிலம் நகரத்தின் சிறுநீரகம் என்னும் தமிழ்த்தொடர், வங்கத் தொடரில் இல்லாத சிறுநீர்த் தேக்கம் என்னும் பொருளைத் தமிழ்க் குழந்தைக்கு உணர்த்த இடமுண்டு. சொல்லுக்குச் சொல் நேரான மொழிபெயர்ப்பே இவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றது.

8. கற்பிக்கும் முறை

ஷான் கிளின் 1991இல் வகுத்த ஒப்புமைவழிக் கற்பித்தல் ஆறு படிகளைக் கொண்டது. சிறுநீரக உருவகத்தைக் கொண்டு அவற்றைப் பின்வருமாறு அமைக்கலாம்.

1. கற்பிக்க வேண்டிய பொருளை அறிமுகம் செய்தல்: நகரத்தின் கழிவுநீர் எங்கே செல்கின்றது என்று வினவுதல்.
2. உவமானத்தை நினைவூட்டல்: சிறுநீரகத்தின் பணியை மாணவர் அறிவரா என உறுதிப்படுத்துதல். அறியாராயின் அதனை முதலில் கற்பித்தல், அல்லது வேறு உவமானத்தை நாடுதல்.
3. இரண்டின் உரிய கூறுகளை இனங்காணல்: இரத்தம், கழிவு, தூய்மை ஒருபுறம், கழிவுநீர், பாசி, நுண்ணுயிர், மீன் மறுபுறம்.
4. ஒத்தவற்றை இணைத்தல்: எது எதற்கு ஒப்பு எனக் கோடிட்டுக் காட்டுதல்.
5. ஒவ்வாதவற்றைக் காட்டல்: மீனுக்கு ஒப்பாகச் சிறுநீரகத்தில் எது உள்ளது என வினவுதல். விடை இல்லை என்பதே விடை.
6. முடிவு கூறல்: உருவகச் சொல்லை நீக்கிவிட்டுச் சதுப்பு நிலத்தின் பணியை மாணவரே தம் சொற்களால் கூறுதல்.

ஐந்தாம் படியே பெரும்பாலும் விடுபடுவது. எனினும் அதுவே குழந்தைக்கு எல்லையைக் கற்பிப்பது. மீன், பாசி, மீனவர் ஆகிய மூன்றும் கோடிடப்படாமல் எஞ்சுவதைக் கண்டால், உருவகம் எவற்றைச் சொல்லாமல் விட்டது என்பதைக் குழந்தை தானே உணரும். ஆறாம் படி உருவகம் தன் பணியை முடித்ததா என்பதற்கான தேர்வு. உருவகம் இன்றிப் பொருளைக் கூற இயலாத மாணவர் உருவகத்தைக் கற்றாரேயன்றிப் பொருளைக் கற்கவில்லை.

இளங்குழந்தைகளுக்குத் தொல்காப்பியப் பகுப்பை எளிய வினாக்களாக்கலாம். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றதா? நிறம் ஒன்றா? செய்யும் வேலை ஒன்றா? நமக்குக் கிடைப்பது ஒன்றா? இந்நான்கு வினாக்களுக்கும் ஆம், இல்லை எனக் கூறும் பயிற்சி, நுரையீரல் உருவகம் நான்காவது வினாவில் மட்டுமே பொருந்துவதைத் தெளிவாக்கிவிடும்.

9. மொழிபெயர்ப்பாளர்க்குரியவை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு கருத்துகளைத் தொகுக்கலாம். ஒன்று, மூலநூலின் உவமை நான்கனுள் எவ்வகையது என முதலில் துணிதல் வேண்டும். உவமானத்தை மாற்ற நேர்ந்தாலும் அவ்வகை மாறலாகாது. இரண்டு, உவமானம் தமிழ்ச் சிறார்க்கு அறிமுகமானதா என நோக்குதல் வேண்டும். பசுமை இல்ல விளைவு என்னும் தொடர் இதற்குத் தக்க சான்று. கண்ணாடிக் கூடத்தைக் காணாத குழந்தைக்குப் பசுமை என்னும் அடை நன்மையையே உணர்த்தும். தீமையைப் பேச வந்த சொல் நன்மையை ஒலிக்கின்றது. மூன்று, மூலத்தில் ஒளிபுகாத சொல் தமிழில் ஒளிபுகுவதாகவோ, அதற்கு மறுதலையாகவோ ஆகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். நான்கு, மூலத்தில் எழுதப்படாத எல்லையைச் சிறார் நூலில் ஒரு வாக்கியமாக எழுதுதல் வேண்டும். இது மூலத்திற்கு மாறு செய்வதாகாது. மூலத்தின் வாசகர் தம் முன்னறிவால் நிரப்பிய இடத்தை நிரப்புவதேயாகும்.

10. முடிவுரை

உருவகமின்றிச் சிறார்க்கு அறிவியல் எழுத இயலாது. 1818 முதல் வங்கத்தில் வளர்ந்துள்ள எழுத்துமரபே அதற்குச் சான்று. ஆயினும் உருவகம் பாடத்தின் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகலாகாது. எந்த அடிப்படையில் ஒப்பு, எவ்விடத்தில் ஒப்பில்லை ஆகிய இரண்டையும் வினவக் கற்ற குழந்தை, சதுப்பு நிலத்தைச் சிறுநீரகம் என்று படிக்கும்போது அதில் உழைக்கும் மீனவரையும் காணும். மைதானை நுரையீரல் என்று படிக்கும்போது இலை செய்வது வேறு என்பதையும் அறியும். அவ்வினாக்களை அறிவியல் ஆசிரியரிடம் மட்டும் விட்டுவிடாமல் மொழியாசிரியரும் வகுப்பறையில் எழுப்புதல் வேண்டும். ஏனெனில் அவை முதலில் மொழி பற்றிய வினாக்கள்.